பெண்கள் நேரம்

குளச்சலில் கடற்கரைக்குப் போகிற சாலையில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் சுந்தர்சிங்கின் ஜிம் இருந்தது. விடிகாலையிலும் சாயங்காலமும் ஆண்கள் வருவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மத்தியானக் குழம்புக்கு மீன் வாங்கப் போவதற்குமுன் கிடைக்கிற கொஞ்ச நேரம் பெண்களுக்கு. அந்த நேரம் வந்ததும் ஷைஜா படிக்கட்டுக் கதவைச் சாத்துவாள். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஆண்கள் விட்டுப்போன வியர்வை வாடை போக மின்விசிறிகளை முழு வேகத்தில் சுழலவிடுவாள். பர்தாக்களும் துப்பட்டாக்களும் ஆணிகளில் ஏறும். பிறகு அங்கே எழுகிற சிரிப்புச் சத்தம் கேட்டு, கீழே கடையில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

ஷைஜா அருமனைக்காரி. பள்ளிக்கூட நாளிலேயே பளுதூக்கத் தொடங்கி மாநில அளவில் மெடல் வாங்கியவள். விளையாட்டு விடுதியில் இருந்த கோச், முதுகு நோகிறது என்று அவள் சொன்னதை ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. "நோவாம எப்பிடிட்டீ மெடல் கிட்டும்?" என்பார். கம்பியைத் தலைக்குமேல் தூக்கி நின்ற ஒரு மழைநாளில் இடுப்புக்குள் ஏதோ நழுவியது. மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்துவிட்டு எழுந்து நடந்தபோது, தூக்குவது அவளுக்கு முடிந்துபோயிருந்தது. சென்னைக்குப் போய்ப் பயிற்சியாளர் படிப்பு படித்தாள். மூச்சு நின்று விழுந்தவரின் நெஞ்சை அமுக்கி உயிரைப் பிடித்து நிறுத்துகிற முதலுதவியையும் அங்கேதான் கற்றாள். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து நிலைக்காமல் போயிற்று. இப்போது குளச்சலில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தாள்.

புதிதாக வருகிற எவளையும் நாற்காலியில் உட்காரவைத்துப் பேசாமல் ஒரு டம்பெல்லைக்கூடத் தொட விடமாட்டாள். பிரசவம் எப்படி, கத்தி வைத்ததா, பிரஷர் உண்டா, மயக்கம் வருமா, வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். சந்தேகம் வந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வாள். சிலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சிலர் வரவே இல்லை.

"நீ என்ன ஜிம்மு நடத்துகியா, ஆசுபத்திரி நடத்துகியா?" என்பார் சுந்தர்சிங். கெட்டவரல்ல. ஆனால் ரெண்டு தெரு தள்ளி ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் பிளஸ்ஸி என்றொரு பெண் பாட்டுப் போட்டு ஆடவைத்து உடம்பு இளைக்க வைக்கிறாளாம், அங்கே கூட்டம் அள்ளுகிறதாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை.

ஃபாஸிலா வந்தது அந்தச் சமயத்தில்தான்.

முப்பது வயதிருக்கும். படியேறி வந்ததில் மூச்சு வாங்க, பர்தாவின் முகத்திரையைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள். கையில் புது ஷூ, இன்னும் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது.

"எக்கா, எனக்கு இந்த வயிறு ஒண்ணு போனா போதும். மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றாள். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஷைஜாவுக்கும் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று.

அவளை ஜன்னலோரம் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். ஃபாஸிலா கேட்டதற்கும் மேலாகவே சொன்னாள். மாப்பிள்ளை ஜக்கரியா சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் இருக்கிறார், நோன்புப் பெருநாளைக்கு லீவில் வருகிறார். இரண்டு பிள்ளைகளும் சுகப்பிரசவம். குடியிருப்பது உம்மா வீட்டில். உம்மாவும் தங்கச்சி ஜுஹைனாவும் கூட உண்டு. வாப்பா இவள் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார்.

"மயக்கம் வருமா?"

"இப்ப இல்ல. பிளஸ்டூ படிக்கும்போ ஓட்டப் பந்தயத்துல ஓடிட்டிருந்தவ அப்பிடியே விழுந்தேன். காலையில சாப்பிடாம போனதுதான். இப்பவும் வேகமா மாடி ஏறினா கண்ணு இருட்டும். அது உடம்பு வச்சதுனால இருக்கும், இல்லியாக்கா?"

ஷைஜா அடுத்ததைக் கேட்டாள். "வீட்டுல ஆராவது சின்ன வயசுலயே திடீர்னு போயிருக்காவளா?"

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. கையிலிருந்த அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள்.

"எங்க காக்கா. ஷரீஃப். கடப்புறத்துல பந்து விளையாடிட்டு நின்னவன், கோல் போஸ்டுகிட்ட குனிஞ்சான், எழும்பல்ல. வெயிலு கொண்டதுன்னு சொன்னாவ. கல்யாணம்கூட ஆவல்ல அவனுக்கு."

ஜன்னல் வழியே மீன் வண்டியின் ஹாரன் கேட்டது. அண்ணன் விளையாடும்போது விழுந்து செத்திருக்கிறான். தங்கை ஓடும்போது மயங்கி விழுந்திருக்கிறாள். இந்த இரண்டும் ஒரே குடும்பத்தில் வந்தால் என்னவென்று படிப்பில் சொல்லித் தந்தது ஷைஜாவுக்கு நினைவு வந்தது. இதயத்தின் சதை பிறவியிலேயே தடித்திருக்கலாம். மற்ற நேரம் ஒன்றும் தெரியாது. ஓடினால், பாரம் தூக்கினால், துடிப்பு தாறுமாறாகி ஒரு நொடியில் நின்றுபோகலாம்.

"ஃபாஸிலா, நாகர்கோயில்ல ஹார்ட் டாக்டர பாத்து ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ எடுக்கணும். அவரு செய்யலாம்னு எழுதித் தரட்டும். அதுக்குப் பொறவு நாம தொடங்குவோம்."

"ஹார்ட் டாக்டரா?" அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எக்கா, நீங்க என்ன சொல்லுதிய? எனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமதான் இருக்கும். ஆனா பாக்காம என்னால செய்யவைக்க ஒக்காது."

"நடக்க மட்டும் செய்யட்டா? பைய நடப்பேன், அந்த மெஷின்ல."

"எழுதி வாங்கிட்டு வா. பொறவு எல்லாம் செய்யலாம்."

ஃபாஸிலா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். பிறகு சொன்னாள்: "ஜுஹைனாவுக்குத் தேங்காப்பட்டணத்துல ஒரு எடம் பேசிட்டிருக்காவ. நல்ல எடம். காக்கா போனதயே வெயிலுன்னுதான் சொல்லியிருக்கு. இப்ப நான் ஹார்ட் டாக்டருகிட்ட போய் நின்னேன்னு வையுங்க, நாளைக்கு ஊரு முழுக்கத் தெரியும். இந்தக் குடும்பத்துக்கே அந்தச் சூக்கேடு உண்டும்பாவ. அவ வாழ்க்கை என்னாவும்?"

எழுந்தாள். முகத்திரையை இறக்கியபின் மறுபடி தூக்கினாள். "நான் சொன்னத ஆருட்டயும் சொல்லப்பிடாது. உம்மாகிட்டகூட."

"நீ எங்கிட்ட சொன்னது எங்கிட்டயேதான் இருக்கும்" என்றாள் ஷைஜா. அதுவும் படிப்பில் சொல்லித் தந்ததுதான். வருகிறவர் உடம்பைப் பற்றிச் சொல்வது பயிற்சியாளரின் வாயிலிருந்து வெளியே போகக்கூடாது. அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை.

அவள் படியிறங்கிப் போனபிறகு சுந்தர்சிங் கேட்டார்: "அதயும் விரட்டி விட்டாச்சா?"

ஷைஜா இரண்டு மூன்று தடவை போன் செய்தாள். முதல் தடவை, "போறேன்க்கா, இந்த வாரம் பிள்ளைக்குப் பரீட்சை" என்றாள் ஃபாஸிலா. அடுத்த தடவை, "உம்மாக்கு முட்டுவலி." பிறகு எடுக்கவில்லை. தவிர்க்கிறாள் என்று தெரிந்தது. வராவிட்டாலும் வீட்டில் சும்மா இருக்கிறாளே, அது நல்லதுதான் என்று ஷைஜா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மழை தொடங்கிய ஒருநாள் மீன் சந்தையில் அவளைப் பார்த்தாள். சாளை வாங்கக் குனிந்து நின்றவள் நிமிர்ந்தபோது ஒரு கணம் யாரென்று தெரியவில்லை. கன்னம் வற்றி, கழுத்து தெரிந்தது. கண்ணில் ஒரு மினுக்கம்.

"எக்கா, என்னப் பாருங்க! பழைய சுடிதார் எல்லாம் ஒக்க லூசு!"

"எக்கோ எடுத்தியா?"

"அதெல்லாம் வேண்டாம்க்கா. பிளஸ்ஸிகிட்ட போறேன். அங்க ஆரும் ஒண்ணும் கேக்கல்ல. பாட்டுப் போடும், நாங்க ஆடுவோம், குதிச்சுச் சாடுவோம். என்ன ஜாலி தெரியுமா?"

ஷைஜா அவள் கையைப் பிடித்து மீன் பலகைகளைத் தாண்டிச் சுவரோரம் இழுத்துப்போனாள். "மக்கா, நீ சாடப்பிடாது கேட்டியா. தயவுசெஞ்சு நிறுத்து. உங்க காக்காக்கு வந்தது உனக்கும் இருக்கலாம்."

ஃபாஸிலா கையை விடுவித்துக்கொண்டாள். கோபப்படவில்லை. "இம்புட்டு நாளு ஆடியாச்சு, ஒண்ணும் ஆவல்லியே. நீங்க ரொம்பப் பயப்படுதிய. அவரு வந்துட்டுப் போனபொறவு, ஜுஹைனா கல்யாணமும் கழியட்டும், நீங்க சொன்ன டாக்டர பாக்கேன். சத்தியமா." மீன் பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அன்றைக்கே ஷைஜா அந்த மண்டபத்துக்குப் போனாள். பிளஸ்ஸிக்கு இருபத்தி நாலோ ஐந்தோ இருக்கும். முட்டம் பக்கத்துப் பிள்ளை, கல்லூரியில் ஆடிப் பரிசு வாங்கியவள். நாகர்கோவிலில் இரண்டு நாள் ஏதோ வகுப்புக்குப் போய்வந்தாளாம், மற்றதெல்லாம் போனில் பார்த்துக் கற்றது. வந்தவளுக்கு நாற்காலி போட்டாள்.

"பிளஸ்ஸி, இங்க வாற பொம்பளைகள்கிட்ட உடம்பப் பத்திக் கேக்கியா? மயக்கம் உண்டுமா, வீட்டுல ஹார்ட் சூக்கேடு உண்டுமான்னு?"

"ஒக்க நல்ல ஹெல்த்தியான ஆளுகதான் வாறாவ."

"பாத்தா தெரியாது மக்கா. கேக்கணும். ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா கேளு. ஆராவது விழுந்தா என்ன செய்யணும்னு தெரியுமா உனக்கு? நான் வேணும்னா சொல்லித் தாறேன்."

பிளஸ்ஸியின் முகம் மாறியது. "எக்கா, உங்க ஜிம்முல ஆளு குறைஞ்சு போச்சுன்னு நானும் கேள்விப்பட்டேன். அதுக்கு நான் என்ன செய்ய ஒக்கும்?"

ஷைஜாவின் நாக்கு நுனிவரை ஃபாஸிலாவின் பெயர் வந்தது. சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்ட முகமும், அதற்குத் தான் கொடுத்த வாக்கும் அதைத் தடுத்தன. "நான் அதுக்கு வரல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். ஃபாஸிலாவின் உம்மாவிடம் போய்ச் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். அவர்கள் தெருமுனைவரை போகவும் செய்தாள். பச்சைச் சுவர் வைத்த வீடு. வாசலில் துணி காய்ந்தது. எந்த முகத்தோடு உள்ளே போய், உங்கள் மகள் மறைக்கச் சொன்னதைச் சொல்ல வந்தேன் என்று ஆரம்பிப்பது? அவள் திரும்பிவிட்டாள்.

பிறகு ஒருநாள் பெண்கள் நேரத்தில், ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த ஒருத்தியின் போன் அடித்தது. எடுத்துப் பேசியவள், "யம்மா! பிளஸ்ஸிக்க எடத்துல ஒரு பொம்பள விழுந்து கிடக்காளாம்" என்றாள்.

யார் என்று ஷைஜா கேட்கவில்லை. துப்பட்டாகூட எடுக்காமல், போட்டிருந்த டிராக் பேண்டோடு படியிறங்கி ஓடினாள். ஜவுளிக்கடை வாசலில் நின்றவர்கள் விலகினார்கள். ஓடிக்கொண்டே ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள்.

மண்டபத்தின் பின்கட்டில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. பெண்கள் வட்டமாக நின்றார்கள். நடுவில் ஃபாஸிலா. முகத்தில் தண்ணீர் அடித்திருந்தார்கள். வலிப்பு என்று நினைத்து உள்ளங்கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். பிளஸ்ஸி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். ஷைஜா அந்த உதடுகளின் நீல நிறத்தைப் பார்த்தாள்.

"எப்ப விழுந்தா?"

"இப்பதான்க்கா, இப்பதான்" என்றாள் பிளஸ்ஸி. இப்போதல்ல என்று நிறம் சொல்லிற்று.

ஷைஜா முட்டி போட்டு, இரண்டு கையையும் கோத்து நெஞ்சின் நடுவில் வைத்து அமுக்கத் தொடங்கினாள். "வாரியெல்லு ஒடிஞ்சிரும்!" என்று ஒருத்தி தோளைப் பிடித்து இழுத்தாள். அவளை உதறிவிட்டு மேலும் அமுக்கினாள். கைக்கடியில் விலா எலும்பு ஏதோ நொறுங்கியது தெரிந்தது. நிறுத்தவில்லை. பழைய முதுகுவலி இடுப்பிலிருந்து பிடரிவரை ஏறியது. "வா மக்கா, வா, வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்சில் வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துத்தான் விலக்கவேண்டியிருந்தது. வண்டியில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியிலும் பார்த்தார்கள். அந்தக் கண்கள் திறக்கவில்லை.

ஜக்கரியா வந்து சேர்ந்தபோது பெருநாளைக்கு இன்னும் நாள் இருந்தது. அவர் வந்தது மையத்துக்கு மண் போட.

அதற்குப் பிறகுள்ள நாட்களில் மற்றவர்கள் பிளஸ்ஸியைத் திட்டினார்கள். போலீஸ் கூப்பிட்டு விசாரித்துவிட்டு அனுப்பியது. மண்டபக்காரர் பூட்டுப் போட்டார். ஷைஜா யாரையும் திட்டவில்லை. எழுதி வாங்கிட்டு வா என்று தான் சொன்னது மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. சொன்னது தப்பில்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதுதான் சரி. ஆனால், வா, நானும் கூட வாறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். குளச்சலில் எவருக்கும் தெரியாமல் திருவனந்தபுரத்துக்கு ஒரு பஸ் ஏறியிருக்கலாம். அல்லது டாக்டரைப் பார்க்கும்வரை பேச்சுக்காவது இங்கே வந்து உட்காரு என்று சொல்லிக் கைக்குள் வைத்திருக்கலாம். விதியைச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவிலிருந்து ஃபாஸிலா நேராக ஒன்றும் கேட்காத வாசலுக்குப் போனாள்.

பிளஸ்ஸி ஒருநாள் தேடி வந்தாள். முகம் இருண்டு, தலை வாராமல், ஜிம்மின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். மேலே வரச் சொன்னால் வரவில்லை.

"அன்னைக்கு நீங்க வந்து கேட்டது அவளுக்காகவா?"

ஷைஜா தலையசைத்தாள்.

"பேரச் சொல்லியிருக்கலாம்லக்கா. ஒரு பேரு. சொல்லியிருந்தா நான் அவள ஆட விட்டிருக்க மாட்டேன்" என்றாள் பிளஸ்ஸி. அழவில்லை. "எனக்கு ஆரும் ஒண்ணும் சொல்லித் தரல்ல. நான் விசிறிட்டு இருந்தேன் அக்கா. அவ செத்துட்டு இருந்தா, நான் விசிறிட்டு இருந்தேன்."

ஷைஜாவும் அந்தப் படியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்தபிறகு ஷைஜா அந்தப் பச்சைச் சுவர் வீட்டுக்குப் போனாள். ஜக்கரியா அதற்குள் திரும்பிப் போயிருந்தார். ஃபாஸிலாவின் உம்மா கதீஜா பீவி அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீதானே மோளே எம்புள்ள நெஞ்ச அமுக்கினவ? இந்தக் கையி தானே?" என்று அந்தக் கைகளைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். ஷைஜாவுக்குக் கைகளை வெட்டிப் போட்டுவிடலாம்போல் இருந்தது.

உள்ளே ஜுஹைனா ஃபாஸிலாவின் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஷைஜா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உம்மா, ஜுஹைனாவ ஒரு ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டணும். பிள்ளைகளயும் காட்டணும். ஷரீஃபுக்கும் ஃபாஸிலாவுக்கும் வந்தது ஒரே சூக்கேடா இருக்கலாம். இவளுக்கும் இருக்கலாம்."

கதீஜா பீவி கைகளை விட்டார். அவர் திடுக்கிடவில்லை. "எனக்கு அறியாதா? அவங்க வாப்பாவும் அப்பிடித்தான் போனாரு, தோணி தள்ளும்போ. அவரு தம்பியும் அப்பிடித்தான். நான் வெயிலுன்னேன், காத்துன்னேன். என்ன சொல்ல?"

"மருந்து இருக்கு உம்மா. கனமா ஒண்ணும் செய்யாம பாத்துக்கிடலாம். நெஞ்சுக்குள்ள வச்சி உயிரக் காப்பாத்துற மெஷினும் உண்டு. சாவணும்னு ஒண்ணும் இல்ல."

"இத ஃபாஸிலாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"எப்ப?"

"எங்கிட்ட வந்த அன்னைக்கே. உங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னு சொன்னா."

அந்த அம்மாளின் குரல் உயர்ந்தது. "அவ சொன்னா நீ கேப்பியா? அவ பிள்ள. நீ வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவ காலக் கட்டிப் போட்டிருப்பேன்." பிறகு குரல் உடைந்தது. "எனக்குப் பயமில்லன்னு நினைக்காத. ரெண்டு புள்ளைகள மண்ணுல வச்சாச்சு. இவளயாவது ஒரு வீட்டுல வச்சிட்டுப் போவண்டாமா? தேங்காப்பட்டணத்துக்காரங்க இன்னும் வேண்டாம்னு சொல்லல்ல. அதுக்கே நான் அல்லாட்ட அழுதுட்டுக் கிடக்கேன். கல்யாணம் கழியட்டும். நீ இத இங்கயே விட்டிரு."

வெளியே செருப்பு மாட்டும்போது ஜுஹைனா பின்னாலேயே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "எக்கா, எனக்கும் ராத்தாக்கு வந்தமாதிரி வருமா?"

"டாக்டர் பாத்தாத்தான் தெரியும். நான் உன்கூட வாறேன். திருவனந்தபுரத்துக்குப் போவோம். ஆருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்."

"வாறேன்" என்றாள் ஜுஹைனா. முகத்தில் உண்மையான பயம் இருந்தது. வருவாள் என்று ஷைஜா நம்பினாள்.

வெள்ளிக்கிழமை வெள்ளனவே போய் நின்றாள். பஸ்கள் வந்தன, போயின. வெயில் ஏறியது. பள்ளிவாசலில் ஜும்மாவுக்குப் பாங்கு சொல்லிக் கேட்டபிறகுதான் அங்கிருந்து நகர்ந்தாள். போனில் ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது. உம்மா விடவில்லை, பிறகு பார்ப்போம் அக்கா.

அந்த மாதத்தோடு பெண்கள் நேரமும் நின்றது. பல வீடுகளில் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சர்க்கரை இருந்தவர்கள், முட்டுவலிக்காரர்கள், நடந்து நடந்து கொஞ்சம் தேறி வந்தவர்கள், எல்லாரும் நின்றுவிட்டார்கள். சுந்தர்சிங் தலையைக் குனிந்துகொண்டு, "என்ன செய்ய ஷைஜா, வாடகை குடுக்கண்டாமா" என்றார். அந்த நேரமும் ஆண்களுக்குப் போயிற்று. அவர் புதிதாக வைத்த பையன் வருகிறவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை என்று அவள் பின்னால் அறிந்தாள். அவள் அறையைக் காலிசெய்து அருமனைக்கே போனாள். மார்த்தாண்டத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் கட்டுப் போடவும் ஒத்தடம் கொடுக்கவும் ஆள் வேண்டுமென்றார்கள். அங்கே சேர்ந்தாள்.

ஜுஹைனாவின் கல்யாணம் எளிமையாக நடந்ததாகக் கேள்விப்பட்டாள். அழைப்பு வரவில்லை. ஒரு மாதம் விட்டுப் போன் செய்தாள். ஜுஹைனாவே எடுத்தாள். குரலில் பழைய ஃபாஸிலாவின் சிரிப்பு இருந்தது.

"எக்கா, சுகமா இருக்கியளா? இவரு நல்ல ஆளு. மாமியும் நல்ல மாதிரி." பிறகு மெல்ல, வெட்கத்தோடு, "எனக்கு நாள் தள்ளியிருக்கு. நேத்துதான் டாக்டர பாத்தோம்" என்றாள்.

ஷைஜா உடனே கேட்டாள்: "டாக்டர் ஒண்ணும் கேக்கல்லியா? வீட்டுல ஆருக்காவது ஹார்ட் சூக்கேடு உண்டுமான்னு?"

"கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

போனில் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"மாமி பக்கத்துல நின்னாவ அக்கா. ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"மக்கா, பிள்ளை வளர வளர நெஞ்சுக்கு வேலை கூடும். பேறு நேரத்துல… டாக்டர்கிட்ட நீ தனியா போய்ச் சொல்லு. ஒரே ஒரு வார்த்தை போதும். அவங்க பாத்துக்கிடுவாங்க."

"சொல்லுதேன்க்கா. சொல்லுதேன். வைக்கட்டா? மாமி விளிக்காவ."

அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கப்படவே இல்லை.

கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஷைஜா ஒரு விடுமுறை நாளில் தேங்காப்பட்டணத்துக்குப் பஸ் ஏறினாள். இந்தத் தடவை எதுவானாலும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். மாமியிடம் சொல்வாள், மாப்பிள்ளையிடம் சொல்வாள். யாருக்குக் கொடுத்த வாக்கு எப்படிப் போனால் என்ன? விசாரித்து விசாரித்துத் தெருவைக் கண்டுபிடித்தாள். காற்றில் கடல் வாடை. புதிதாக வெள்ளையடித்த மாடி வீடு.

மொட்டைமாடியில் ஜுஹைனா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வயதான பெண் வாளியைப் பிடித்துக்கொண்டு, அவள் கையிலிருந்த ஈரப் போர்வையை வாங்கித் தானே பிழிந்தார். பாரம் தூக்காதே என்று ஏதோ செல்லமாகக் கண்டித்தார். ஜுஹைனா சிரித்தாள். கொஞ்சம் சதை வைத்து, முகம் தெளிந்து, ஃபாஸிலா முதல்நாள் படியேறி வந்தபோது இருந்ததுபோலவே இருந்தாள்.

அப்போது அவள் கீழே பார்த்தாள். ஷைஜாவை அடையாளம் கண்டுகொண்டதும் சிரிப்பு அப்படியே நின்றது. மாமி மறுபக்கம் திரும்பி நின்ற அந்த நேரத்துக்குள், ஜுஹைனா இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துக் கும்பிட்டாள். தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். வராதே, அக்கா. சொல்லாதே.

வாசல் திறந்துதான் இருந்தது. நாலு எட்டு வைத்தால் உள்ளே போய்விடலாம். போனால் இந்த வீடு அவளுக்கு இல்லாமல் போகலாம். போகாவிட்டால் அவளே இல்லாமல் போகலாம். பல வருடங்களாக எத்தனையோ பேருக்கு எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக்கூடாது என்று தயங்காமல் சொன்னவள் ஷைஜா. அந்தத் தெருவில் அவளுக்குக் கால் எழவில்லை.

"ஆரும்மா நீங்க? ஆர தேடுதிய?" என்று மாடியிலிருந்து மாமி கேட்டார். நல்ல குரல்.

"வீடு மாறி வந்துட்டேன்" என்றாள் ஷைஜா.

திரும்பி நடந்தாள். முனைவரை போகும்போது யாராவது கூப்பிடுவார்கள் என்று காது கொடுத்துக்கொண்டே போனாள். யாரும் கூப்பிடவில்லை. மார்த்தாண்டம் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தபிறகு கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டபோது அவள் ஜன்னல் வழியே அந்தத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டாம் தடவை கேட்டார்.